10,600 மல்லிகைப்பூ

வியாபாரம் படுத்துவிட்டால் முதலாளி என்ன செய்வார்? விலையைக் குறைப்பார். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று போர்டு மாட்டுவார். பி.காம். வகுப்பில் டிமாண்ட், சப்ளை என்று இரண்டு கோடு கிழித்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய இதுதான்.

பாரிஸில் ழான் பத்தூ (பத்து அல்ல, பத்தூ) என்று ஒரு டிரெஸ் டிசைனர் இருந்தார். டென்னிஸ் ராணி சுசான் லெங்லெனுக்கு உடை தைத்துக் கொடுத்தவர். பணக்கார அமெரிக்க அம்மணிகள்தான் அவருக்கு முக்கியமான கஸ்டமர்கள். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை தடாலென்று விழுந்தது. அம்மணிகள் கப்பலேறி பாரிஸுக்கு வருவது குறைந்தது.

மனுஷன் அசரவில்லை. ஆன்ரி அல்மேராஸ் என்ற வாசனை நிபுணரிடம், செலவைப் பற்றிக் கவலைப்படாமல் செய்யச் சொல்லி ஒரு சென்ட் வாங்கினார். பெயர் 'ஜாய்'. 1930-ல் கடைக்கு வந்தது. விளம்பர வாசகம் என்ன தெரியுமா? 'உலகத்திலேயே விலை அதிகமான சென்ட்!' ஊரே திவாலாகிக் கிடக்கும்போது இப்படி விளம்பரம் செய்பவரை நம் ஊரில் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். ஆனால் விற்றது. பாரிஸ் கவுன் வாங்க முடியாதவர்களால் பாரிஸிலிருந்து ஒரு குட்டி பாட்டிலாவது வாங்க முடிந்தது. கௌரவம் காப்பாற்றப்பட்டது.

அப்படி என்னதான் இருந்தது உள்ளே? முக்கியமாக ரோஜாவும் மல்லிகையும். 'இதுக்கா இவ்வளவு?' என்று உங்கள் அம்மா கேட்பது காதில் விழுகிறது. கம்பெனி சொன்ன கணக்கைக் கேளுங்கள். 30 மில்லி சென்ட்டுக்கு 10,600 மல்லிகைப்பூ, 28 டஜன் ரோஜா. நம் பூக்காரம்மாவிடம் போய்ச் சொன்னால், 'கல்யாண ஆர்டரா தம்பி?' என்பார்.

இந்த மல்லிகை நம் குண்டுமல்லி இல்லை, அதன் பங்காளி. நாம் ஜாதிமல்லி, பிச்சி என்கிறோமே, அது. தெற்கு பிரான்ஸில் கிராஸ் என்ற ஊரில் இதைப் பயிர் செய்தார்கள். ரோஜாவைப் போல இதை ஆவியில் வைத்து வடிக்க முடியாது; சூடு பட்டால் வாசனை கெட்டுவிடும். அதனால் கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி, அதன் மேல் பூவைப் பரப்பி, வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ போட்டு, கொழுப்பை வாசனை குடிக்க வைப்பார்கள். பிற்பாடு ரசாயனத்தில் ஊறவைக்கும் முறை வந்தது.

இப்போது ஒரு ரகசியம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். மல்லிகையில் இண்டோல் என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. அதே இண்டோல், நாம் காலையில் முதல் காரியமாகப் போய்க் கழிக்கிறோமே, அதிலும் இருக்கிறது! ஆனால் மல்லிகையிலிருந்து இண்டோலை நீக்கிவிட்டால் பூ போய்விடும், சோப்புதான் மிஞ்சும். ராத்திரி கழற்றி வைத்த சரத்தில் விடியற்காலை ஒரு கனமான மணம் இருக்குமே, அது இண்டோல் இல்லாமல் வராது. கல்யாணமானவர்களுக்கு விளக்க வேண்டாம். ஆகாதவர்களுக்கு விளக்கிப் பிரயோஜனமில்லை.

'ஜாய்' இந்த அழுக்கை ஒளிக்கவில்லை. முதலில் பச்சை இலை, பீச் பழம் போல ஒரு பளிச். அப்புறம் ரோஜா எது, மல்லிகை எது என்று பிரிக்க முடியாமல் கூடை கூடையாகப் பூ. கடைசியில் சந்தனம், கஸ்தூரி, புனுகு. புனுகு பூனையின் வாலடிச் சுரப்பியிலிருந்து வருவது. அதாவது, மேலே தோட்டம், அடியில் உடம்பு. நல்ல வாசனையில் ஒரு சிட்டிகை நாற்றம் இருந்தாக வேண்டும். பழந்தமிழில் 'நாற்றம்' என்றாலே நறுமணம்தான். நம் ஆட்கள் விவரமானவர்கள்.

2000-ல் ஃபிஃபி விருதுகளில் மக்கள் ஓட்டுப் போட்டு, ஷனேல் நம்பர் 5-ஐத் தள்ளிவிட்டு 'நூற்றாண்டின் வாசனை' என்று ஜாயைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம்? பத்தூ கம்பெனி கை மாறி, 2018-ல் எல்.வி.எம்.எச். என்ற பெரிய குழுமத்திடம் போனது. அதே வருடம், அதே குழுமத்தைச் சேர்ந்த டியோர் ஒரு புது சென்ட் விட்டது. பெயர் 'ஜாய்'. உள்ளே வேறு சரக்கு. பழைய ஜாய் நின்றுபோனது.

பேலன்ஸ் ஷீட்டில் டிரேட் மார்க்குக்கு ஒரு வரி உண்டு, குட்வில்லுக்கு ஒரு வரி உண்டு. வாசனைக்குக் கிடையாது. சென்ட்டின் வாசனைக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2006-ல் பிரான்ஸின் உயர்ந்த நீதிமன்றமே சொல்லிவிட்டது. பெயரை விற்கலாம், வாங்கலாம். பூவுக்குக் கேட்க ஆளில்லை.

ஒரே ஆறுதல், வெர்சாயில் 1990-ல் ஆரம்பித்த ஆஸ்மோதெக் என்ற வாசனைக் காப்பகம். மறைந்துபோன சென்ட்களை 12 டிகிரி குளிரில், காற்று படாமல் ஆர்கான் வாயு போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் முதல் தலைவர் ழான் கெர்லியோ. பல வருடம் எங்கே வேலை பார்த்தவர் தெரியுமா? பத்தூ கம்பெனியில்!

பழைய ஜாய் பாட்டிலைத் தேடி ஏலத்தில் பி.எஃப். பணத்தை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு மல்லியும் பிச்சியும் நம் ஊர்த் தொழிற்சாலைகளில் சாறாகி, பிரெஞ்சு சென்ட் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அந்த மூலச் சரக்கு உங்கள் தெருமுனையிலேயே கிடைக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஒரு முழம் பிச்சி, இரண்டு ரோஜா வாங்கிக்கொள்ளுங்கள்.

புனுகு தேட வேண்டாம். எலெக்ட்ரிக் டிரெயினில் நசுங்கி வந்த உங்கள் சட்டை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.