நரியைப் பரியாக்கும் அட்டை

ஏட்டின் அட்டை பேசும். உள்ளே இருக்கும் கட்டுரைகள் பேசத் தொடங்குமுன்பே அது பேசிவிடும். யாரை 'வருக' என்று அழைக்கிறது, யாரை 'அப்பால் நில்' என்று விரட்டுகிறது என்பதை எழுத்தின் வடிவம், மொழி, தாள், விலை ஆகிய அனைத்தும் கூடி முதற் பார்வையிலேயே அறிவித்துவிடும். இசை ஏட்டுக்கு இது மிகுதியும் பொருந்தும். இசை, காதுள்ள எவர்க்கும் பொது. பொதுவான ஒன்றைப் பற்றிய ஏடு, பொதுமக்கள் நெருங்கவொண்ணாக் கோலத்திலே வெளிவருமானால், அந்தக் கோலத்தின் காரணத்தைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. கேட்கிறோம், தோழர்களே!

1927-இல் சென்னையிலே காங்கிரசு மாநாடு கூடியபோது, அதனையொட்டி அகில இந்திய இசை மாநாடும் நடைபெற்றது. அதன் விளைவாக 1928-இல் எழுந்தது சென்னை மியூசிக் அகாதமி. 1930-இல் அகாதமி தனக்கென ஓர் ஏட்டினைத் தொடங்கிற்று, காலாண்டிதழ். அதன் முகப்பைப் பாருங்கள். பெயர் ஆங்கிலத்தில். இசையெனும் அறிவியலையும் கலையையும் வளர்க்க வந்த ஏடு என்ற அறிவிப்பு, அதுவும் ஆங்கிலத்தில். கூடவே தேவநாகரி எழுத்தில் ஒரு சுலோகம். அடியார் பாடும் இடமே தம் இருப்பிடம் என்று திருமால் நாரதருக்குச் சொல்வதாக அமைந்தது. சரி, சுலோகத்துக்குப் பொருள் கூறியிருக்கிறார்களா? கூறியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில்!

வடமொழிக்கு நாற்காலி; ஆங்கிலத்துக்குச் சாய்வு நாற்காலி; ஊராள்பவளாக இருக்கவேண்டிய தமிழுக்கோ, திண்ணையிலும் இடமில்லை! அறிவியல் என்று ஒரு வரி, நாரதர் என்று மற்றொரு வரி. நாரதரைச் சான்றுக்கு அழைக்கும் அறிவியல் எந்த நாட்டு அறிவியல்? ஒலி அதிர்வினால் பிறக்கிறது. நரம்பின் நீளமும் இறுக்கமும் சுரத்தை முடிவு செய்கின்றன. இதனை மெய்ப்பிக்க வைகுந்தத்திலிருந்து வாக்குமூலம் வாங்கத் தேவையில்லை.

மதுரைக்கும் மேலூருக்கும் அருகே, திருவாதவூரில் உள்ளவர்களுக்கு ஒரு பழங்கதை நன்கு தெரியும். அவ்வூரிலே பிறந்தவர் மாணிக்கவாசகர். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளை அவர் கோயிலுக்குச் செலவிட, ஆண்டவன் நரிகளைப் பரிகளாக்கி அனுப்பினானாம். இரவானதும் பரிகள் மீண்டும் நரிகளாகி ஊளையிட்டனவாம். புராணம் அது, நம்பச் சொல்லவில்லை நாம். ஆனால் அந்த வித்தை அச்சுக்கூடத்தில் நடப்பதைக் கண்ணாரக் காண்கிறோம். ஒரு சிறு வட்டத்தின் கூடத்திலே ஒலிக்கும் இசைக்கு 'இசை' என்றே பெயரிட்டு, வழவழப்பான அட்டை போட்டு, நாட்டின் இசை முழுவதும் இதுவே என்று உலவவிடுவது நரியைப் பரியாக்கும் வித்தையன்றி வேறென்ன?

உள்ளே சரக்கு இல்லையா என்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. டி. வி. சுப்பாராவ், வே. இராகவன் போன்ற கற்றவர்கள் ஆசிரியர்களாக இருந்தனர். இராகங்களின் இலக்கணம் பற்றி வித்துவான்கள் கூடி வாதிட்ட குறிப்புகள் அந்தப் பக்கங்களிலே பதிவாகின. உழைப்பு பெரிது. ஆனால் உழைப்பின் பயன் யாருக்கு? கட்டுரை அனுப்புவோர் தட்டச்சு செய்து அனுப்புவதே நலம் என்றும் அந்த ஏடு அறிவித்தது. தவில் தட்டுகிறவன் தட்டச்சுக்கு எங்கே போவான்? வாழ்நாளெல்லாம் தோடியை ஊதித் தேய்ந்த நாகசுரக்காரர், தோடியைப் பற்றிய ஆராய்ச்சியைத் தாமே படிக்கமுடியாத நிலை! அவருடைய மூச்சு ஆராய்ச்சிப் பொருள். அவரோ வாசகர் அல்லர்.

அவருக்கு அறிவு போதாது என்பார்களோ? அப்படிச் சொல்வோர் மதுரைக்கு வரட்டும். மதுரை பொன்னுசாமிப் பிள்ளை நாகசுரக் கலைஞர். 'பூர்வீக சங்கீத உண்மை' என்ற அவருடைய நூல், அகாதமியின் ஏடு பிறந்த அதே 1930-இல் அச்சேறியது, தமிழில் அச்சேறியது. வேங்கடமகி வகுத்த மேளகர்த்தாக்கள் 72 என்பதைப் புலவர்கள் வேதவாக்காக ஏற்றிருந்தனர். பொன்னுசாமிப் பிள்ளை ஏற்கவில்லை. 32 போதும் என்றார். விவாதி மேளங்கள் 40-ஐயும் தள்ளினார். அவர் முடிவு சரியா, தவறா என்பதை இசையறிஞர் ஆராயட்டும். பழைய ஏட்டில் இருப்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, காதும் கருத்தும் ஒப்ப வேண்டும் என்று ஒரு கோயில் நாகசுரக்காரர் கேள்வி கேட்டாரே, அந்தத் துணிவுக்குப் பெயர்தான் பகுத்தறிவு!

ஒரே ஆண்டு, இரண்டு அச்சுகள். ஒன்று சென்னையில், சுலோகத்தைச் சூடிக்கொண்டு. மற்றொன்று மதுரைக் கலைஞருடையது, கேள்வியை ஏந்திக்கொண்டு. இளைஞர்கள் இரண்டில் எதனை அறிந்திருக்கிறார்கள்?

1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாடல் மிகுதியாக ஒலிக்கட்டும் என்று கேட்டார்கள். கேட்டது அவ்வளவே. அகாதமியோ, மொழியைக் காரணமாக நுழைத்து இசையின் தரத்தைத் தாழ்த்தலாகாது என்று தீர்மானம் போட்டது. நாட்டார் வியந்தனர். வியப்புக்கு இடமேது? 11 ஆண்டுகளுக்கு முன்பே முகப்பு அதனைச் சொல்லிவிட்டதே! 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. பின்னர்ப் பண் ஆராய்ச்சியும் வளர்ந்தது. மேடையிலே ஓரளவு வென்றோம். அட்டையிலே வென்றோமா?

மக்கள் படிக்கவில்லை என்று பழி போடாதீர்கள்! திரைப்படக் கொட்டகை வாயிலிலே விற்ற பாட்டுப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். சாணித்தாள்; மங்கிய படம்; சில பக்கம்; சில காசு. முதலில் கதைச் சுருக்கம், முடிவு வரும் இடத்திலே, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்ற அறிவிப்பு, பிறகு பாடல்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் வாங்கினார். ஒருவர் படிக்க, ஒன்பது பேர் பாடினர். தன் வாசகர் யார் என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரிந்திருந்தது. அவர் சட்டைப்பையின் அளவும் தெரிந்திருந்தது. குறையும் உண்டு, மறைக்கவேண்டாம். நடிகர் முகம் பெரிது, பாட்டெழுதியவர் பெயர் சிறிது, வாத்தியம் வாசித்தவர் பெயரோ பெரும்பாலும் இராது. பாட்டைக் கொடுத்தது, இசையறிவைக் கொடுக்கவில்லை.

1983-இல் ந. பட்டாபிராமன் சென்னையில் தொடங்கிய 'சுருதி' வந்தது. அது கலைஞரின் முகத்தைப் படமாகத் தந்தது. வாழ்வை விரிவாக எழுதிற்று. ஆராய்ச்சிக் குகையிலிருந்து இரசிகரின் கூடத்துக்கு இசை எழுத்தைக் கொண்டுவந்தது. முன்னேற்றம்தான். ஆயினும் மொழி? ஆங்கிலமே. கதவைத் திறந்தார்கள்; வாயிற்படியின் உயரத்தைக் குறைக்கவில்லை.

இன்று அகாதமி ஏட்டின் பழைய தொகுதிகள் இணையத்திலே விலையின்றிக் கிடைக்கின்றன. விலை போயிற்று; பூட்டுப் போகவில்லை. கைபேசித் திரையே அட்டையாகிவிட்ட காலம் இது. எட்டணாப் பாட்டுப் புத்தகம் சிறிதாகவேனும் அச்சிட்ட பாடலாசிரியர் பெயரைத் தேடித்தான் எடுக்கவேண்டியிருக்கிறது.

எப்படிப்பட்ட ஏடு வேண்டும்? அமெரிக்க நாட்டிலே 1883 முதல் 1957 வரை 'எட்யூட்' என்றோர் இசை ஏடு வெளிவந்தது. வீட்டிலே பியானோ பயிலும் சிறுவரும் கற்பிக்கும் ஆசிரியரும் அதன் வாசகர்கள். கட்டுரையோடு, வாசித்துப் பார்க்க இசைக்குறிப்பையும் இதழுக்கு இதழ் கொடுத்தது. படிப்பவரை வாசிப்பவராக்கிற்று. நமக்கும் அத்தகைய ஏடு வேண்டும், தமிழிலே. பண்ணின் பெயரும் இராகத்தின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். பாட்டும் சுரக்குறிப்பும் பள்ளிப் பிள்ளைக்கு விளங்கும் பெரிய எழுத்தில் வரட்டும். நரசிங்கம்பேட்டையிலே ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்பவரின் கை, அட்டைப்படமாக வரட்டும். பறைக்குத் தோல் கட்டும் தொழிலாளி தன் கருவியைப் பற்றித் தானே எழுதட்டும். பிழையிருந்தால் ஆசிரியர் திருத்தட்டும், திருப்பி அனுப்பவேண்டாம். நாதத்தில் தெய்வத்தைக் கண்டதாக எழுதுவோர்க்கு ஒரு பக்கம் கொடுத்தால், ஒலியின் இயற்பியலுக்கு இரண்டு பக்கம் கொடுப்போம். கிராமப் படிப்பகத்தில் தொங்குமளவுக்கு விலை இருக்கட்டும்.

இது ஆகாத காரியமா? திருவாதவூர்க் குன்றின் குகைத்தளத்திலே 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. தாளும் இல்லை, மையும் இல்லை. கல்லைச் செதுக்கி எழுதினான் ஒருவன், ஊரார் மொழியிலே எழுதினான். உளி பிடித்தவனுக்குத் தோன்றிய நேர்மை, அச்சுப்பொறி வைத்திருப்போருக்குத் தோன்றக்கூடாதா?

இளைஞர்களே! அடுத்த முறை இசை ஏடு ஒன்று கையில் கிடைத்தால், அட்டையை முதலில் படியுங்கள். யாருடைய எழுத்து, யாருடைய முகம், யாருக்கான விலை என்று கேளுங்கள். விடை கசந்தால், புலம்பி நிற்கவேண்டாம். ஊர் நாகசுரக்காரரிடம் செல்லுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எட்டுப் பக்கமாயினும் அச்சிடுங்கள். முதற்பக்கத்திலே அவர் பெயர் தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும்!