ஊசி போடாத வைத்தியர்

மட்டக்களப்பில், எழுவான்கரையிலாயினும் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலாயினும், ஒரு வைத்தியரின் கெட்டித்தனத்தை அவர் போட்ட ஊசியாலும், எழுதித்தந்த குளிசைகளின் எண்ணிக்கையாலும், செய்வித்த பரிசோதனைகளின் விலையாலும் அளந்து பார்க்கும் வழக்கம் நம்மவரிடையே ஆழ வேரூன்றிவிட்டது. நாடி பார்த்து, நாலு கேள்வி நிதானமாகக் கேட்டு, "பனடோல் போடுங்க, நல்லாத் தண்ணி குடிங்க, நாளைக்கு வாங்க" என்றவரை, "சும்மா அனுப்பிட்டாரு" என்று நிந்திக்கிறோம். அதிக சிகிச்சையே உத்தம சிகிச்சை என்னும் இந்த அபிப்பிராயத்தால் உயிருக்கே ஆபத்து விளையக்கூடும்.

மாரி மழையை அடுத்து டெங்கு தலையெடுக்கும் மாதங்களைப் பாருங்கள். காய்ச்சலும் உடம்புளைவும் தாளாமல் வந்த நோயாளிக்கு, உடனே சுகம் தெரியவேண்டும் என்ற அவசரத்தில், டைக்குளோபினாக் ஊசியையோ ஐபுபுரோபனையோ கொடுத்தால், அது இரத்தக்கசிவுக்கு வழி திறந்துவிடக்கூடும். அன்டிபயோட்டிக் எந்த வைரசையும் தொடுவதில்லை. "உடம்பு தெம்பாகட்டும்" என்று கேட்டு வாங்கி அளவின்றி ஏற்றும் சேலைனோ, இரத்தக்குழாய்களிலிருந்து கசிந்து நெஞ்சறையில் தேங்கி மூச்சை முட்டவைக்கும். வேண்டியவை மிக எளியவை: பரசிற்றமோல், அளந்து கொடுக்கும் நீராகாரம், இரத்தக்கலங்களை எண்ணும் சாதாரணப் பரிசோதனை, எல்லாவற்றுக்கும் மேலாக, வயிற்றுவலியோ ஓயாத வாந்தியோ சிறுநீர்க் குறைவோ தோன்றுகிறதா என்று பார்த்திருக்க ஓர் ஆள். காய்ச்சல் இறங்கிவிட்டதென்று வீட்டார் ஆறுதலடைகிற அந்த வேளையே இந்நோயின் அபாய காலம் தொடங்கும் வேளை என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

இதற்கெல்லாம் வைத்தியர்களின் பணத்தாசையே காரணம் என்பாருமுளர். அது ஓரளவு மெய்யே. பரிசோதனைக்கு அனுப்புவதால் அனுப்பியவருக்கும் இலாபம் உண்டாகும் இடங்களில் பரிசோதனைகள் பெருகாமல் என்ன செய்யும்? ஆயினும், பகலெல்லாம் அரசாங்க வைத்தியசாலையில் உழைத்து, மாலையில் தனியார் நிலையத்தில் நம்பர் வரிசைப்படி நோயாளரைப் பார்க்கிறவருக்கு, ஒரு மருந்தை எழுத அரை நிமிடமும், அது ஏன் வேண்டாம் என்று விளக்கப் பத்து நிமிடமும் பிடிக்கும் என்பதை நாம் எண்ணுவதில்லை. ஒன்றைத் தவறவிட்டால் ஊரே பழிக்கும். ஒன்பதை மிகையாகச் செய்தாலோ எவரும் ஏனென்று கேளார். எழுதாவிட்டால் நாளைக்கே நோயாளி கல்லடிப் பாலம் தாண்டி வேறொருவரிடம் போய்விடுவார் என்பதும் அவருக்குத் தெரியும்.

மிகையான பரிசோதனையாலும் தீங்குண்டு. வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி ஒருவர், நாரிவலிக்காக நகையை ஈடுவைத்து எம்.ஆர்.ஐ. எடுத்தாரென்று வைத்துக்கொள்வோம். முள்ளந்தண்டில் தேய்வு இருப்பதாக அறிக்கை வரும். வலியே அறியாத அவர் வயதினர் பலரை எடுத்துப் பார்த்தாலும் அதே தேய்வு தெரியும். அது தலை நரையைப் போன்றது. ஆனால் அறிக்கையைக் கண்டபின் அவர் மண்வெட்டியைத் தொடவே அஞ்சுகிறார்.

பரிகாரம் புதிதாகத் தேடவேண்டியதொன்றன்று. பேராசிரியர் சேனக பிபிலே, 1971 இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, வேண்டிய மருந்து எது, வேண்டாதது எது என்று பிரித்து, மருந்தை வியாபாரப் பெயரை விட்டு மூலப் பெயரால் வழங்கும் கொள்கையை இந்நாட்டில் நடத்திக் காட்டினார். பிறநாடுகள் அதை முன்மாதிரியாகக் கொண்டன. அமெரிக்க வைத்திய சங்கங்களோ, அனாவசியமான பரிசோதனைகளைத் தாமே பட்டியலிட்டு வெளியிட 2012 வரை காத்திருந்தன. அவ்வழியிலேயே இனி மாலைநேர நிலையங்களின் மருந்துச் சிட்டைகளையும் சகவைத்தியர்கள் காலத்துக்குக் காலம் பரிசீலிக்கவேண்டும். பரிசோதனை வருமானத்தில் அதை எழுதியவருக்குப் பங்கு இருக்கவே கூடாது.

இவற்றுக்குச் சட்டம் வரும்வரை நாமும் சும்மா இருக்கவேண்டியதில்லை. "டொக்டர், இதன் ரிப்போர்ட்டைப் பொறுத்து மருந்து மாறுமா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே விளக்குவார்கள். சிலர் கோபிப்பார்கள்; அவர்களிடம் அடுத்த முறை நம்பர் எடுக்காமல் விட்டுவிடலாம்.