இன்னொரு கப்பலா, நல்ல சோனாரா?

புதுப் போர்க்கப்பல் போட்டோவுக்கு லைக் போடுறோம். அதோட சோனாரைப் பத்தி என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

1971 டிசம்பர் 9, டையூ அருகே பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி நம்ம ஐஎன்எஸ் குக்ரியை மூழ்கடித்தது. 194 பேர் இறந்தாங்க. குக்ரிக்குக் கேட்கும் முன்னே ஹாங்கோருக்குக் கேட்டுவிட்டது.

சரி, அப்புறமாவது? நீர்மூழ்கி வேட்டைக்கென்றே கட்டின ஐஎன்எஸ் கமோர்ட்டா 2014ல் சேர்ந்தபோது, கேபிளில் கட்டி ஆழத்துல இழுத்துப் போற சோனார் அதில் இல்லை. நம்ம கடலில் மேல்நீர் சூடு, கீழே குளிர். இடையில் ஒலி வளைஞ்சிடும் (ஸ்னெல் விதி, அரியர் வச்சவங்களுக்கு நல்லாவே ஞாபகமிருக்கும்). அந்த அடுக்குக்குக் கீழே பதுங்கினால் கப்பலடி சோனார் பிடிப்பது கஷ்டம்.

'கப்பல் கூடினா ரோந்தும் கூடுமே'ன்னு ரூம்மேட் கேட்டான். நியாயம்தான். ஆனா புதுசுல ஒண்ணு குறைஞ்சாலும், இருக்குற கப்பல்களுக்கு அந்த சோனாரை முதலில் மாட்டுங்கன்னுதான் நான் சொல்வேன். நீங்க?