டிக்கெட் இல்லாதவர் எல்லோரும் மோசடிக்காரரா?

“திருட்டு ரயில் ஏறினான்” என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. டீக்கடையில் சொன்னால் போகட்டும் என்று விட்டுவிடலாம். கோர்ட்டில் கூண்டுக்கு முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு அதையே சொன்னால்? தலையை ஆட்டிவிட்டு அபராதத்தைக் கட்ட வேண்டியது, கையில் பணம் இல்லாவிட்டால் ஜெயிலுக்குப் போக வேண்டியது, ஏழைக்கு வேறு வழி ஏது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நினைப்பு தவறு. சட்டமே அப்படிச் சொல்லவில்லை.

1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் இதற்கு இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

138 ஆவது பிரிவு பணம் வசூல் செய்யும் பிரிவு. டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்தால், பிரயாணக் கட்டணத்தையும் அதோடு கூடுதல் கட்டணத்தையும் கட்ட வேண்டும். கூடுதல் கட்டணம் என்பது 250 ரூபாய் அல்லது பிரயாணக் கட்டணத்துக்குச் சமமான தொகை, இதில் எது அதிகமோ அது. பத்து ரூபாய் தூரம் போனவர் 260 ரூபாய் கட்ட வேண்டும். பஞ்சாலைத் தொழிலாளிக்கும் வயலில் இறங்கி வேலை செய்பவருக்கும் இது சின்னப் பணமல்ல. ஆனாலும் இது வசூல்தான். பணத்தைக் கட்டினால் விவகாரம் முடிந்தது. குற்றவாளி என்ற பெயர் வராது.

137 ஆவது பிரிவு வேறு ஜாதி. ரயில்வே நிர்வாகத்தை மோசடி செய்யும் எண்ணத்தோடு டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்தவருக்கு அது தண்டனை விதிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விசேஷக் காரணத்தைத் தீர்ப்பில் எழுதினாலொழிய அபராதம் 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இன்னொன்றும் அதில் இருக்கிறது. அபராதம் கட்டாதவரைச் சிறைக்கு அனுப்பும்போது, அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சச் சிறைவாசத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று பொதுவான தண்டனைச் சட்டம் ஒரு வரம்பு போட்டிருக்கிறது. ரயில் பிரயாணிக்கு மட்டும் அந்த வரம்பு கிடையாது! 500 ரூபாய் கட்ட முடியாதவரை ஆறு மாதம் வரை உள்ளே வைக்கலாம் என்று இந்தப் பிரிவு எழுதி வைத்திருக்கிறது. கட்ட முடிந்தவர் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடுவார். இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

இவ்வளவு கடுமையான பிரிவின் உயிர்நிலை எது? “மோசடி செய்யும் எண்ணம்” என்ற சொல்தான். கையில் டிக்கெட் இல்லை என்பது மட்டும் போதாது. ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதை வழக்குப் போட்டவர்கள் நிரூபிக்க வேண்டும்.

சீசன் டிக்கெட் நேற்றோடு முடிந்துவிட்டதைக் கவனிக்காமல் காலை ஷிப்டுக்கு ஓடிவந்து ஏறிய ஆலைப் பெண் மோசடிக்காரியா? அறுவடை வேலைக்கு இருபது பேராகக் கிளம்பும்போது எல்லோருடைய டிக்கெட்டும் மேஸ்திரியின் சட்டைப் பையில் இருக்கிறது. கூட்ட நெரிசலில் மேஸ்திரி வேறு பெட்டியில் ஏறிவிட்டார். இந்தப் பெட்டியில் இருக்கும் கூலியாள் யாரை ஏமாற்றினார்? 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளை “ஸ்பெஷல்” என்றும் “எக்ஸ்பிரஸ்” என்றும் பெயர் மாற்றி ஓட்டி, பத்து ரூபாய்க் குறைந்தபட்சக் கட்டணத்தை முப்பது ரூபாயாக்கினார்களே, 2024 பிப்ரவரியில்தானே பழையபடி பத்துக்கு இறக்கினார்கள்! அதே தண்டவாளம், அதே வண்டி, அதே கூட்டம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

டிக்கெட் எடுக்காமல் ஏறுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ரயில் ஜனங்களின் சொத்து. எடுக்க வேண்டியதை எடுத்துத்தான் ஏற வேண்டும். வண்டி புறப்படும் நேரம் வந்தும் கவுண்டரில் வரிசை நகரவில்லை என்றால் அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 55 ஆவது பிரிவின்படி, கார்டு போன்ற ரயில்வே ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்று ஏறலாம். கட்டணத்தைப் பிறகு கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் ஒரு சர்டிபிகேட் கொடுக்கலாம். டிக்கெட் பரிசோதகரும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் தொழிலாளிதான். அவரோடு கைகலப்புக்குப் போனால் புது வழக்கு வரும், வேறு பயன் இல்லை. ஆண் துணை இல்லாமல் வரும் பெண்ணை அவர் நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது என்பதை மட்டும் நம் பெண்கள் தெரிந்துகொள்ளட்டும். ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், வண்டி முடியும் இடம், ஜில்லாத் தலைநகர் ஆகிய இடங்களில்தான் இறக்கலாம், அதுவும் பகலில் மட்டும்.

கோர்ட்டில் நடப்பதுதான் முக்கியம். பத்துப் பேர், இருபது பேராக வரிசையில் நிறுத்துகிறார்கள். “டிக்கெட் இல்லாமல் வந்தாயா?” என்று கேட்கிறார்கள். “ஆமாங்க சாமி” என்கிறார் நம்முடைய ஆள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதியாகிவிட்டது! ஆனால் அவர் எதை ஒப்புக்கொண்டார்? டிக்கெட் இல்லை என்பதை. மோசடி செய்தேன் என்று அவர் சொல்லவே இல்லை. குற்றச்சாட்டின் விவரத்தை எதிரிக்கு எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்க வேண்டும். பதிலையும் கூடுமானவரை எதிரி சொன்ன வார்த்தைகளிலேயே பதிவு செய்ய வேண்டும். இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை. ஆகவே நம்முடைய ஆள் சொல்ல வேண்டியது: “டிக்கெட் இல்லை என்பது உண்மை. ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. நடந்தது இது.” இந்த மூன்று வாக்கியங்களுக்கு அஞ்சக் கூடாது. ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், நான் குற்றவாளி அல்ல என்று அப்பீல் செய்ய முடியாது. தண்டனையின் அளவைப் பற்றியும், அது சட்டப்படி செல்லுமா என்பதைப் பற்றியும் மட்டுமே அப்பீல் செய்யலாம். ஒப்புக்கொள்ளாமல் வழக்காடித் தண்டனை பெற்றவரோ, 500 ரூபாய் அபராதமே என்றாலும், 30 நாட்களுக்குள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம்.

கோர்ட்டு போட்ட அபராதத்தை எதிர்த்து யார் ஜெயித்தார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். இந்தச் சட்டத்தின் பிறப்பிடத்துக்கே போவோம். 1889 இல் பிரிட்டனில் ரயில்வே சட்டம் ஒன்று செய்தார்கள். கட்டணத்தைத் தட்டிக்கழிக்கும் எண்ணத்தோடு பிரயாணம் செய்வதை அது குற்றமாக்கியது. மறு ஆண்டே, 1890 இல், நம்மை ஆண்ட அதே வெள்ளைக்காரர்கள் இங்கும் ஒரு ரயில்வே சட்டம் போட்டார்கள். இன்றைய 137 ஆவது பிரிவு அதன் வாரிசு. பிரிட்டனில் அந்த 1889 சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சின்ன வழக்குகளை ஒரே ஒரு மாஜிஸ்ட்ரேட் மூடிய அறையில் காகிதத்தைப் பார்த்து முடித்துவிடும் முறை ஒன்றை 2015 இல் அங்கே கொண்டுவந்தார்கள். எதிரி கோர்ட்டுக்கு வர வேண்டியதில்லை; தபாலில் வந்த நோட்டீசுக்குப் பதில் போடாவிட்டால் தண்டனை எழுதிவிடலாம். ரயில்வே துணைவிதிகளை மீறிய சில்லறை வழக்குகளுக்கு மட்டும் ரயில் கம்பெனிகள் இதைப் பயன்படுத்த அனுமதி இருந்தது. கம்பெனிகளோ 1889 சட்டத்தின் கிரிமினல் வழக்குகளையும் இதே வழியில் தள்ளின. ஆயிரக்கணக்கானவர்கள் பேசாமல் அபராதம் கட்டினார்கள்.

பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்தின. ஆறு பேருடைய வழக்குகளை மாதிரியாக எடுத்து, 2024 ஆகஸ்ட் 15 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கோர்ட்டில் தலைமை மாஜிஸ்ட்ரேட் பால் கோல்ட்ஸ்பிரிங் தீர்ப்பளித்தார். அந்த வழக்குகள் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றார். அதே கதியில் இருந்த வழக்குகள் சுமார் 74,000 இருக்கும் என்று அப்போது கணக்கிட்டார்கள். கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் வேலை பிறகு தொடங்கியது. அந்த 74,000 பேரில் ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து, தான் ஒருவன் என்ன செய்ய முடியும் என்றுதானே நினைத்திருப்பார்!

வக்கீலுக்குப் பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. 1987 ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12 ஆவது பிரிவைப் பாருங்கள். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், மலைவாழ் மக்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் கிடைக்க உரிமை உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கேட்பதில்லை. இதில் சேராத விவசாயக் கூலிகள் குறைந்த வருமானம் என்ற காரணத்தைக் காட்டிக் கேட்கலாம். இந்த உரிமையை எதிரிக்கு எடுத்துச் சொல்லாமல் நடத்திய விசாரணையின் தண்டனையை 1986 இல் சுக் தாஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே ரத்து செய்திருக்கிறது. அபராதம் உறுதியாகிவிட்டாலும், உடனே கட்ட முடியாதவர் 30 நாள் அவகாசமோ, இரண்டு மூன்று தவணைகளோ கேட்கலாம். கேட்டால்தான் கோர்ட்டு யோசிக்கும்.

சங்கத் தோழர்கள் இதில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ரயிலில் வேலைக்குப் போகிறவர்களிடம் இந்த இரண்டு பிரிவுகளையும் விளக்கிச் சொல்லுங்கள். ஒருவர் பிடிபட்டால், அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே இன்னொருவர் வட்ட சட்டப் பணிகள் குழுவின் அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுக்கட்டும். அந்த அலுவலகம் பெரும்பாலும் கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கும். ஆலையின் அடையாள அட்டையும், இருந்தால் பழைய சீசன் டிக்கெட்டும் கையோடு இருக்கட்டும்.