கோடிட்ட இடமும் ஆயிரம் சொல் பட்டியலும்

கிளிஞ்சல்மேட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவின் மகள் போன வாரம் வந்திருந்தாள். பி.காம். முடித்துவிட்டு வங்கி எழுத்தர் தேர்வுக்குப் படிக்கிறாள். "இங்கிலீஷ்லதான் தாத்தா மார்க் போவுது. நீங்க பேங்க்ல இருந்தவங்களாச்சே, கொஞ்சம் பாருங்க" என்று ஒரு புத்தகத்தை நீட்டினாள். பயிற்சி மையத்தில் கொடுத்ததாம். ஆயிரம் ஆங்கிலச் சொற்கள், எதிரே தமிழ்ப் பொருள். பாதிக்கு மேல் மனப்பாடம் செய்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பொருள் சொன்னாள்.

சரி என்று ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். 'ஆல்தோ மெனி போட்ஸ் வென்ட் டு சீ, த கேட்ச் வாஸ் ______.' விடைகள் நான்கு: அபண்டன்ட், மீகர், ஃப்ரெஷ், சால்ட்டி. யோசிக்காமல் 'அபண்டன்ட்' என்று குறித்தாள்.

"மீகர்னா என்னம்மா?"

"சொற்பமான."

"நிறைய போட் கடலுக்குப் போயும் மீன்பாடு எப்படி?"

"கொஞ்சம்தான்" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நண்பர்களே, இந்தப் பெண்ணுக்குச் சொல் தெரியும், கடலும் தெரியும். பிறகு ஏன் தப்பாகப் போனது? வாக்கியத்தைப் படிக்க அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கோடு இருக்கும் இடத்தைப் பார், விடைகளைப் பார், பொருத்திப் பார் என்பதுதான் சொல்லிக் கொடுத்த வித்தை. போட், கேட்ச், அபண்டன்ட் மூன்றும் காதுக்கு ஒத்துப்போயின. 'ஆல்தோ' கண்ணில் படவே இல்லை.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் 'போனாலும்', 'போனதால்', 'போகாவிட்டால்' என்று திருப்பம் வினையின் வாலில் வரும். ஆங்கிலத்தில் ஆல்தோ, பிகாஸ், அன்லெஸ் எல்லாம் பெரும்பாலும் தலையிலேயே வந்து நிற்கும். வாலைப் பார்த்துப் பழகிய கண் தலையைத் தாண்டிப் போய்விடுகிறது. இந்த மாதிரித் திருப்பச் சொற்கள் முப்பது நாற்பதுதான் இருக்கும். ஒரு வாரத்தில் படித்துவிடலாம். ஆயிரம் சொல் பட்டியலில் தேடினேன், அவற்றில் ஒன்றுகூட இல்லை!

இந்தக் கேள்வி வகைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1890-களில் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில், தொடர்ந்து பல மணி நேரம் வகுப்பு நடந்தால் பிள்ளைகள் மூளை களைத்துப்போகுமா என்று ஆராயச் சொன்னார்கள். எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர், சொற்களை விட்டுவிட்டு எழுதிய பத்தியைப் பிள்ளைகளிடம் கொடுத்து நிரப்பச் சொன்னார். அகராதி அறிவைச் சோதிக்க அல்ல, முன்னும் பின்னும் சேர்த்துப் பார்க்கும் புத்தி எவ்வளவு விழித்திருக்கிறது என்று பார்க்க!

அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வு 2016-இல் இந்த வகைக் கேள்வியை எடுத்தேவிட்டது. யாரும் புழங்காத சொற்களைப் பிள்ளைகள் அட்டையில் எழுதி வைத்து உருப்போடுகிறார்கள் என்பது அதன் மேல் இருந்த நெடுநாள் குறை. பின்னர் கணினித் தேர்வாக மாறியபோது கோடிட்ட இடம் திரும்பி வந்தது, ஒரு சிறு பத்திக்குள். பத்தியைப் படித்தால்தான் விடை வரும்.

"சொல் தெரியாமல் எப்படிச் சார் விடை எழுதுவது?" என்று கேட்பீர்கள். சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாக்கியத்தில் பார்த்த சொல் தங்கும், பட்டியலில் பார்த்த சொல் தேர்வு முடிந்ததும் போய்விடும். "நேரம் எங்கே?" என்றும் கேட்பீர்கள். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். அதாவது கேள்விக்கு 40 விநாடி. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள். அவசரத்தில் காதுக்கு ஒத்ததைக் குறித்துக் கால் மதிப்பெண் இழப்பதைவிட, பத்து விநாடி செலவழித்து வாக்கியத்தைப் படிப்பது லாபம்தானே?

நான் 34 ஆண்டுகள் வங்கியில் குப்பை கொட்டியவன். பட்டியலில் இருக்கும் அரிய சொல் ஒன்றுகூடக் கவுன்டருக்கு வந்ததில்லை. ஆனால் ஒரு சுற்றறிக்கையில் 'அன்லெஸ்' என்பதைக் கவனிக்காமல் படித்து, நகைக்கடன் கேட்டு வந்த ஒரு பெரியவரை வீணாக இரண்டு முறை அலைய விட்டிருக்கிறேன். அவர் நிரவியிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

தேர்வின் மற்றப் பகுதிகளைத் தமிழிலேயே எழுத இப்போது வழி இருக்கிறது. ஆங்கிலப் பகுதிக்குத்தான் அந்த வழி இல்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் தடுக்கி விழும் இடமும் இதுதான். அந்த இடத்தில் அவர்கள் கையில் ஆயிரம் சொல்லைத் திணித்து, கட்டணமும் வாங்கிக்கொண்டு, கடைசியில் "உனக்கு இங்கிலீஷ் வராது" என்று சொல்வது அநியாயம் இல்லையா? பயிற்சி நடத்துகிறவர்கள் பட்டியலைக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு மாதம் தினமும் ஆங்கில நாளிதழில் ஒரு பத்தியை உரக்கப் படிக்க வையுங்கள்.

அந்தப் பெண்ணிடம் சொன்னது இவ்வளவுதான்: விடைகளைக் கையால் மறை. வாக்கியத்தை முழுதாகப் படி. திருப்பச் சொல்லுக்கு அடிக்கோடு போடு. கோட்டில் என்ன வரும் என்று தமிழில் சொல். அப்புறம் கையை எடு.

நேற்று மாலை அதே மாதிரி பத்து வாக்கியம் கொடுத்தேன். எட்டு சரி. தப்பான இரண்டில் அவளுக்குச் சொல் தெரியவில்லை. அந்த இரண்டு சொல்லையும் அந்தந்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறாள்.