வேலையின்மை குறைந்ததா? வேலையின் பொருள் குறைந்ததா?

வேலையின்மை தேய்ந்தது, எம் திட்டங்கள் வென்றன என இந்திய நடுவணரசு முரசறைகின்றது. 15 அகவையும் அதற்கு மேலும் உடையாருள், 2017-18இல் நூற்றுக்கு 6.0ஆக இருந்த வேலையின்மை 2023-24இல் 3.2ஆக இறங்கிற்று என்பது அதன் காலமுறை உழைப்பாளர் கணக்கெடுப்பு. எண் பொய்யன்று, எண்ணுக்கு உரைக்கும் பொருளே பொய்!

எவரை வேலையுடையார் என்கின்றது அக்கணக்கு? ஆண்டின் பெரும்பகுதி வேலை தேடி அலைந்தவனும், இடையே 30 நாள் ஏதேனும் செய்திருந்தால் வேலையுடையானே. குடும்பக் கடையில் ஒரு காசும் பெறாது உழைக்கும் பெண்ணும் வேலையுடையாளே. அவள் உழைப்பை உழைப்பென ஏற்றல் முறைதான். அதனைக் காட்டி, வேலை வழங்கிவிட்டோம் என அரசு மார்தட்டுவது முறையாகுமா?

அதே கணக்கேட்டைப் புரட்டுக. அவ்வாறு ஆண்டுகளில், உழைப்பாளருள் நிலையான ஊதியம் பெறுவோர் நூற்றுக்கு 22.8இலிருந்து 21.7ஆகக் குறைந்தனர். தம் கையையே நம்பித் தற்தொழில் செய்வோர் 52.2இலிருந்து 58.4ஆயினர். உழவைச் சார்ந்தோர் 44.1இலிருந்து 46.1ஆயினர். தொழில் வளரும் நாட்டில் மக்கள் உழவினின்று ஆலைக்குச் செல்வர். இங்கோ ஆலையினின்று உழவுக்கு மீண்டனர். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் நகரம் துரத்திய கைகளைத் தாங்கியது நிலமா, திட்டமா?

2015இல் தொடங்கிய முத்ராக் கடன்களின் எண்ணிக்கையைச் சான்றாக நீட்டுவர். கடன் பெறுதல் வேலை பெறுதல் ஆகாது. முன்பே நடந்துவந்த கடைக்குக் கடன் கிடைத்தால் புதுவேலை எங்கே பிறந்தது? திட்டத்தின் பின் நிகழ்ந்தன யாவும் திட்டத்தால் நிகழ்ந்தன என்பது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே.

உண்மையாய் மதிப்பிட விழைவோர் செய்யத்தக்கது எளிது. ஒத்த நிலையினருள் உதவி பெற்றாரையும் பெறாதாரையும் எடுத்து, ஈராண்டு கழித்து இருசாரார்தம் வேலைநாளையும் வருவாயையும் ஒப்பிடுக. வேறுபாடு தோன்றின் அதுவே திட்டத்தின் பயன்; தோன்றாவிடின் செலவிட்ட தொகை ஆற்றில் கரைத்த புளியே.

எனவே, வேலையின்மை வீழ்ந்தது என்பாரிடம் தமிழ்மக்கள் மூன்று கேட்க: எத்தனை நாள் வேலை? எவ்வளவு ஊதியம்? திட்டம் இல்லாதிருப்பின் அவ்வேலை கிட்டியிராதா? இம்மூன்றுக்கும் விடை வரும்வரை, அவ்வெண் வெற்றெண்ணே!