அடுத்து என்ன பின்னலாம்?

பாட்டிக்குத் தீபாவளிப் பரிசாக ஆரம்பித்த குஷன் உறையில் இன்னும் இருபது வரிசை பாக்கி. கண்ணோ கைப்பேசியில் அடுத்த தொப்பிக்கு நூல் நிறம் தேடிக்கொண்டிருக்கிறது. பின்னல் பழகும் மாணவர்கள் பலருக்கு இது தெரிந்த கதைதான். “முதலில் கையில் இருப்பதை முடி” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அவர்கள் சொல்வதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். அடுத்ததைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை; அதைத் தொடங்கிவிடுவதில்தான் சிக்கல்.

மனம் தாவுவதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமில்லை. கடைசி வரிசைகளுக்கு வரும்போது வடிவம் கைக்குப் பழகிவிடுகிறது. யோசிக்க ஒன்றுமில்லாத மூளை புதிதாக எதையாவது தேடத்தானே செய்யும்?

முடியாத வேலை மனத்தை என்ன செய்கிறது என்று பெர்லினில் புளூமா ஸைகார்னிக் ஆராய்ந்து 1927-இல் வெளியிட்டார். மணி கோப்பது, புதிர் போடுவது போன்ற சிறு வேலைகளைக் கொடுத்து, ஏறக்குறைய பாதி வேலைகளை நடுவிலேயே நிறுத்தினார். பிறகு கேட்டபோது, நிறுத்தப்பட்ட வேலைகளே பலருக்கும் அதிகமாக நினைவில் இருந்தன. பின்னாளில் இதே சோதனையைச் செய்த எல்லாருக்கும் இதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது 2011-இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. நிறைவேறாத ஓர் இலக்கு, நாம் வேறு வேலையில் இருக்கும்போது குறுக்கே வந்து கவனத்தைக் கலைக்கிறது. ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் திட்டமிட்டவர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அவர்கள் அந்த வேலையைச் செய்து முடித்திருக்கவில்லை, திட்டம் மட்டுமே போட்டிருந்தார்கள்!

அதனால் தொப்பி ஆசையை அடக்காதீர்கள், எழுதி வையுங்கள். என்ன நூல், எத்தனை மில்லிமீட்டர் ஊசி, யாருக்கு, எந்தப் பள்ளி விடுமுறையில் என்று தெளிவாக எழுதுங்கள். “அப்புறம் ஒரு தொப்பி” என்று மட்டும் எழுதினால் அது திட்டமாகாது. அறிவியல் திட்டப்பணிக்கும் இது பொருந்தும். அறிக்கை எழுத வேண்டிய வாரத்தில்தான் பலருக்கு அடுத்த ஆண்டுத் தலைப்பு உதிக்கிறது.

எழுதுவதோடு நிற்காமல் தொப்பியைத் தொடங்கிவிட்டால்? பல வாரம் ஊசியிலேயே கிடக்கும் கண்ணிகள் இழுபட்டு, அந்த ஒரு வரிசை மட்டும் கோடு போலத் தனித்துத் தெரியக்கூடும். தொப்பியை இறுக்கிப் பின்னிய கை, உறைக்குத் திரும்பும்போது பழைய இழுவிசையை மறந்திருக்கும். பாட்டி கவனிக்கமாட்டார் என்று நினைத்தால், உங்களுக்குப் பாட்டிகளைத் தெரியாது.

ஒன்றுக்கு மட்டும் விலக்கு தருவேன்: மாதிரித் துண்டு. உறை இருக்கும் ஊசியை உருவாமல், வேறு ஊசியில் கையகலச் சதுரம் ஒன்று பின்னிப் பாருங்கள். இது ஒரு சிறு பரிசோதனைதான். 10 செ.மீட்டருக்கு 22 கண்ணிகள் என்று தொப்பிக் குறிப்பு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 செ.மீ. சுற்றளவுக்கு 110 கண்ணிகள். உங்கள் கை கொஞ்சம் தளர்வாகப் பின்னி, 10 செ.மீட்டருக்கு 20 கண்ணிகளே வந்தால் அதே 110 கண்ணிகள் 55 செ.மீ. ஆகிவிடும். இரண்டே கண்ணி வித்தியாசத்தில் தொப்பி கண்ணை மறைக்கும்.

துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும். பருத்தி நூல் தண்ணீர் பட்டால் அளவு மாறலாம். ஓரங்கள் சுருண்டுகொள்ளும், எனவே நடுவில் அளவுகோலை வையுங்கள். கண்ணி குறைவாக வந்தால் ஓர் அளவு சிறிய ஊசியில் இன்னொரு துண்டு. கிடைத்த எண்ணை அதே நோட்டில் குறித்துவிட்டு, மீதி இருபது வரிசைக்குப் போகலாம்.